கரண்ட் போகாத வீடு

அந்த ஆடி மாதம் எல்லோரும் என்னிடம் கேட்டது ஒரே ஓர் ஊசியைத்தான். அது என்னிடம் இல்லை. என்னிடம் இருந்த ஊசிகளை ஒருவரும் கேட்கவில்லை.

பன்றிக் காய்ச்சல் இரண்டாவது வருடமாக வந்து உட்கார்ந்திருந்தது. டிவியைப் போட்டால் காலையும் மாலையும் அதே பேச்சு. நான் கிராம சுகாதார செவிலியர். பிரபாவதி என்ற பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது, ஊர்க்காரர்களுக்கு நர்சம்மா. நெய்வேலி டவுன்ஷிப் எல்லையைத் தாண்டியதும் வருகிற கிராமங்கள் என் பொறுப்பு. தெருவில் கால் வைத்தால் போதும், "பன்னிக் காய்ச்சலுக்கு ஊசி வந்துடுச்சாமே, எங்களுக்கு மட்டும் ஏன் போட மாட்டேங்கறீங்க?" என்று பிடித்துக்கொள்வார்கள். அது முதலில் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்களுக்குத்தான் வந்திருக்கிறது, எல்லோருக்கும் வரும்போது நானே வந்து கூப்பிடுகிறேன் என்பேன். "அப்ப நீங்க மட்டும் போட்டுக்கினீங்க" என்பார்கள். ஆமாம் என்றால் குற்றம், இல்லை என்றால் பொய்.

சரி, அது கிடக்கட்டும், உங்கள் குழந்தைக்கு முத்தடுப்பு ஊசி போட வேண்டிய நாள் தாண்டிவிட்டது, புதன்கிழமை வாருங்கள் என்று சொன்னால் முகம் மாறிவிடும். ஆஸ்பத்திரிக்கா? காய்ச்சல்காரன் எல்லாம் அங்கேதானே வந்து உட்கார்ந்திருக்கிறான்?

அந்தப் பயத்திலும் நியாயம் இருந்தது. எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காய்ச்சலுக்கு ஒரு வரிசை, ஊசிக்கு ஒரு வரிசை என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள். இரண்டு வரிசையும் ஒரே வேப்பமரத்தடியில், ஒருவர் முதுகை ஒருவர் உரசிக்கொண்டு நின்றன. நான் சண்டை போட்டு ஊசி மேசையைக் கட்டடத்தின் பின்பக்கத் தாழ்வாரத்துக்கு மாற்றினேன். பின்பக்கமாகவே வந்து பின்பக்கமாகவே போய்விடலாம், காய்ச்சல்காரர் யாரும் கண்ணில்கூடப் பட மாட்டார்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். கக்குவான் இருமலும் தொண்டை அடைப்பானும் ரண ஜன்னியும் பன்றிக் காய்ச்சல் வந்திருக்கிறது என்று லீவு எடுத்துக்கொண்டு போய்விடவில்லை என்று கத்திக் கத்தி என் தொண்டை கட்டிப்போனது. தொண்டை கட்டிய நர்சைப் பார்த்து ஜனங்கள் இன்னும் நாலடி தள்ளி நின்றார்கள்.

எங்கள் பக்கத்தில் இருமலை யாரும் இருமலாக எடுத்துக்கொண்டதில்லை. சுரங்கத்துத் தூசியும் சாம்பலும் சேர்ந்து, இருமாதவர் யார் என்று தேடத்தான் வேண்டும். அந்த வருடம் மட்டும் இருமல் குற்றமாகிவிட்டது. பஸ்ஸில் ஒருவர் இருமினால் பக்கத்து சீட் காலியானது. ஆனால் உண்மையிலேயே பயப்பட வேண்டிய இருமலைக் கண்டு யாரும் பயப்படவில்லை. பக்கத்துக் காலனியில் ஒரு கைக்குழந்தைக்குக் கக்குவான் வந்து, இருமி இருமி முகம் நீலம் பூத்து, புதுச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்தக் குழந்தைக்கு ஓர் ஊசிகூடப் போட்டிருக்கவில்லை.

அந்தச் சேதி கேட்டதிலிருந்து எனக்கு மலர்கொடி நினைப்பாகவே இருந்தது.

மலர்கொடிக்கு என் பொறுப்பிலிருந்த ஒரு காலனியில் கடைசி வீடு. புருஷன் சின்னதுரை சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. முதல் குழந்தை, பெண், இசைப்பிரியா என்று ஆசையாகப் பெயர் வைத்திருந்தார்கள். சித்திரையில் முதல் முத்தடுப்பு ஊசியை நான்தான் போட்டேன். அன்றிரவு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. அந்த ஊசிக்கு வருகிற காய்ச்சல்தான், சொல்லித்தான் அனுப்பியிருந்தேன். ஆனால் ஊரே காய்ச்சல் என்ற சொல்லுக்கு நடுங்கிக்கொண்டிருந்த நேரம். யாரோ சொன்னார்கள் என்று வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அங்கே அவளையும் குழந்தையையும் தனி அறையில் போட்டு, குழந்தையின் மூக்கில் பஞ்சு விட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். பிறகு ஒருநாள் வீட்டுக்குப் போகலாம் என்று அனுப்பிவிட்டார்கள். பரிசோதனையில் என்ன வந்தது என்று யாரும் சொல்லவில்லை.

திரும்பி வந்தால் தெருக்குழாயில் அவள் குடத்துக்கு இடமில்லை. சின்னதுரையைக் கான்ட்ராக்டர் கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான். நானும் அந்த ஆஸ்பத்திரிக்கு எத்தனையோ தரம் போன் செய்து பார்த்தேன். ஒருவரை விட்டு ஒருவர் கை மாற்றினார்களே தவிர பதில் வரவில்லை.

"இருந்துச்சா இல்லியான்னு இன்னிக்கி வரைக்கும் எனக்குத் தெரியாது நர்சம்மா" என்பாள் மலர்கொடி. "கேட்டா, தள்ளி நில்லுன்றாங்க. இனிமே ஊசியும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

இரண்டாம் தவணை நாள் தாண்டியது. நான் போகும்போதெல்லாம் கதவைச் சாத்திக்கொள்வாள். ஒரு தரம் நான் வருகிற வழியைப் பார்த்துவிட்டுக் காடாம்புலியூரில் இருக்கும் அம்மா வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள். விடாமல் போனேன். விட்டுப்போன ஊசியை முதலிலிருந்து போட வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று சொன்னேன். கடைசியில் அந்தப் பக்கத்துக் காலனிக் குழந்தையைப் பற்றிச் சொன்னேன். பயமுறுத்தத்தான் சொன்னேன், எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அவள் மடியில் கிடந்த குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள். "புதன்கெழமை வர்றேன். ஆனா ஒரு வாட்டிதான் வருவேன் நர்சம்மா. அங்க போ, இங்க போ, நாளைக்கு வான்னு அலைக்கழிச்சீங்கன்னா அதோட சரி."

அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு. வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன். அதுதான் வினையாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம். சுகாதார நிலையம் இருக்கிற ஊரில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற திருவிழா. கோயிலிலிருந்து எங்கள் வாசல் வரைக்கும் சீரியல் லைட், நாலு மூலைக்கும் ரேடியோ, எல்லாம் மின்கம்பத்தில் கொக்கி போட்டு இழுத்தது. கரண்ட் போனது, வந்தது, மறுபடி போனது, ஒரு தரம் பல்பெல்லாம் வெள்ளையாக எரிகிற அளவுக்கு வந்தது. உள்ளே மருந்து அறையில் சின்னதாக ஒரு சத்தம் கேட்டது, பிறகு கருகின வாடை. தடுப்பு மருந்து வைக்கிற பெரிய குளிர்பெட்டியின் ஸ்டெபிலைசர் எரிந்துபோய்விட்டது.

எங்கள் வாசலில் நின்றால் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் பளிச்சென்று தெரியும். அங்கே உண்டாகிற கரண்ட் எந்தெந்த மாநிலத்துக்கோ போகிறது. எங்கள் ஊருக்கு மட்டும் நேரம் பார்த்துத்தான் வரும்.

நல்ல பெட்டியாக இருந்தால் கரண்ட் இல்லாமலே ஓர் இரவு தாங்கும். எங்களுடையதில் மூடியின் ரப்பர் பிய்ந்து தொங்கியது, அதை மாற்றித் தரச் சொல்லி எழுதியது இன்னும் எந்த மேசையில் இருக்கிறதோ. டாக்டரைப் பன்றிக் காய்ச்சல் வேலைக்காகக் கடலூருக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள், வேனையும் கூடவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். மருந்தாளுநர் ராயப்பன் குள்ளஞ்சாவடிக்கு வீட்டுக்குப் போயிருந்தார். போன் செய்தேன்.

"பக்கத்து சுகாதார நிலையத்துக்கு அனுப்பலாம்னா வண்டி இல்லியே" என்றார். பிறகு அவரே வழி சொன்னார். "நீங்க குவார்ட்டர்ஸ்லதானே இருக்கீங்க? டவுன்ஷிப்ல கரண்ட்டே போவாது. இன்னிக்கு ஒரு ராத்திரி உங்க ஃபிரிட்ஜுல வச்சிருங்க. காலையில கொண்டாந்துடுங்க. வேற யாருக்கும் தெரிய வேணாம்."

விதிப்படி தடுப்பு மருந்தை வீட்டு ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. விதிப்படி ஒரு வேனும் ஒழுங்கான ரப்பரும் இருந்திருக்க வேண்டும். நான் கேரியர் என்கிற சின்னக் குளிர்பெட்டியில் ஐஸ் பேக்கைச் சுற்றி அடுக்கி மருந்துக் குப்பிகளை வைத்து, ஸ்கூட்டியின் முன்னால் காலிடுக்கில் இறுக்கிக்கொண்டு டவுன்ஷிப்புக்குள் வந்தேன். உள்ளே வந்ததும் தெருவிளக்கு வரிசையாக எரிந்துகொண்டிருந்தது. தினமும் பார்க்கிறதுதான், அன்றைக்கு என்னவோ கோபம் வந்தது.

வீட்டில் தயிரையும் மாவையும் வெளியே எடுத்து, நடுத்தட்டு முழுவதையும் துடைத்துக் குப்பிகளை வைத்தேன். வெப்பமானியையும் கூட வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் ஆறு டிகிரி. இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவில் இருந்தால் போதும். எனக்கு மூச்சு வந்தது.

என் வீட்டுக்காரர் சுதாகர் நைட் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "நடுத்தட்டுல ஊசி மருந்து வச்சிருக்கேன். நாளைக்கு மலர்கொடி வர்றா. தொடாதீங்க" என்றேன்.

"நான் ஏன் தொடப்போறேன்? நீ போய்ப் படு. குரலே வரல உனக்கு" என்றார். போய்ப் படுத்தேன். எப்போது தூங்கினேன் என்றே தெரியாது.

என் வீட்டுக்காரரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அவருக்கு பங்கரில் வேலை, பர்மனென்ட். தோண்டி எடுத்த பழுப்பு நிலக்கரியைக் குவித்து வைக்கிற இடம் அது. அந்தக் கரி சும்மா கிடந்தாலே உள்ளுக்குள் சூடேறும். கவனிக்காமல் விட்டால் புகையும், பிறகு தானாகவே பற்றிக்கொள்ளும். அதனால் தண்ணீர் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். எங்கே சூடு, எங்கே புகை என்று மோப்பம் பிடித்துக்கொண்டு குழாயும் கையுமாக வருடக் கணக்காக நிற்கிற மனுஷர். உலகத்தில் எந்தப் பொருளும் சூட்டினால்தான் கெடும், குளிர்ச்சியினால் எதுவும் கெடாது என்பது அவர் கண்டுபிடித்து வைத்திருக்கிற ஞானம். வீட்டில் கறிவேப்பிலை, மிளகாய்த்தூள், பேட்டரி, இருமல் மருந்து எல்லாவற்றையும் ஃப்ரீசரில்தான் வைப்பார். நான் எடுத்து வெளியே வைப்பேன், அவர் மறுபடி உள்ளே வைப்பார். கல்யாணமான நாளிலிருந்து நடக்கிற சண்டை அது.

விடிந்ததும் ஃபிரிட்ஜைத் திறந்தேன். நடுத்தட்டில் தயிர் இருந்தது. அதன் பக்கத்தில் மாவு இருந்தது. ஒரு கணம் நான் கனவில் இருப்பதாக நினைத்தேன். பிறகு கை தானாக ஃப்ரீசர் கதவுக்குப் போனது. குப்பிகளை ஐஸ் பேக்கின்மேல் ஒரு துணி விரித்து, ஒன்றோடு ஒன்று இடிக்காமல், பிரசவம் பார்த்த கை மாதிரி பதவிசாக அடுக்கி வைத்திருந்தார். முத்தடுப்பு மருந்து அத்தனையும் கல்லாக இறுகியிருந்தது.

போலியோ சொட்டு மருந்தும் தட்டம்மை மருந்தும் உறைந்தால் ஒன்றும் ஆகாது. முத்தடுப்பு உறைந்தால் அத்தோடு போயிற்று. நான் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஷிப்ட் முடிந்து அவர் வரும்போதும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டுப் பையை மேடையில் வைத்துவிட்டு, "என்ன பிரபா, மருந்து பத்திரமா இருக்கா? ராத்திரி கிளம்பறப்ப தண்ணி எடுக்கத் திறந்தேன். வெறும் ஆறு டிகிரிதான் காட்டுது. நீ ஐஸ் வச்சுக் கொண்டு வந்த மருந்து இதுல தாங்குமான்னுதான் மேல மாத்தி வச்சேன். அந்தப் பொண்ணு ஒருதரம்தான் வரும்னு சொன்னியே" என்றார்.

நான் கத்தினேன். தொண்டை கட்டியிருந்ததால் கத்தினதில் பாதி காற்றாகத்தான் வந்தது.

"உருகினா மறுபடி மருந்துதானே?" என்றார் பாவம், நிஜமாகவே கேட்டார்.

"இல்லீங்க. உறைஞ்சா மருந்து தண்ணியிலேருந்து பிரிஞ்சிடும். திரும்பச் சேராது. அதைப் போட்டா குழந்தைக்கு வலிதான் மிச்சம். நோயைத் தடுக்காது."

அவர் ஃப்ரீசரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "குளிரு கெடுக்கும்னு எனக்குத் தெரியாது பிரபா" என்றார். கரி அப்பின முகத்தோடு அப்படிச் சொன்னபோது எனக்கு மேற்கொண்டு திட்ட வரவில்லை. அதற்காகக் கோபம் தீர்ந்துவிடவும் இல்லை.

ராயப்பனுக்கு போன் செய்தேன். பக்கத்து நிலையத்தில் கேட்டுப் பார்த்துவிட்டுத் திரும்ப அழைத்தார். அங்கே இன்றைக்கு அவர்களுக்கே போதாது, புது மருந்து வெள்ளிக்கிழமைதான் வரும். கொஞ்சம் இழுத்துவிட்டு, "நர்சம்மா, உருகினப்புறம் பாத்தா வித்தியாசம் யாருக்குத் தெரியப்போவுது? இன்னிக்குப் போட்டு அனுப்பிடுங்க. அடுத்த தவணைக்கு நல்ல மருந்து போட்டுக்கலாம். வூட்டுக்கு எடுத்துகினு போனது வெளிய வந்தா உங்களுக்கும் மெமோ, எனக்கும் மெமோ. எனக்கு ரெண்டு பொண்ணு காலேஜுல படிக்குது" என்றார்.

கெட்ட மனுஷர் இல்லை ராயப்பன். அவர் சொன்னதை வழி நெடுக யோசித்துக்கொண்டுதான் போனேன். மலர்கொடி ஒரு வாட்டிதான் வருவாள். இன்று ஊசி இல்லை என்று சொன்னால் அந்தக் குழந்தைக்கு இனி ஊசியே இல்லை. கெட்ட மருந்தையாவது போட்டுச் சிரித்து அனுப்பினால் அடுத்த மாதம் நம்பி வருவாள், அப்போது நல்ல மருந்தைப் போட்டுவிடலாம். ஆனால் இடைப்பட்ட மாதத்தில் கக்குவான் வந்தால்? ஊசி போட்டிருக்கிறது என்று தைரியமாக இருப்பாளே? இப்படியும் அப்படியுமாக யோசித்து எனக்கு அலுத்துவிட்டது. சுகாதார நிலையம் வருவதற்குள் போட்டுவிடலாம் என்றுதான் முடிவு செய்திருந்தேன்.

பின்பக்கத் தாழ்வாரத்தில் முதல் ஆளாக மலர்கொடி உட்கார்ந்திருந்தாள். கைக்குட்டையை வாயில் கட்டியிருந்தாள். குழந்தையைத் துண்டுக்குள் சுற்றி மூக்கு மட்டும் தெரியும்படி வைத்திருந்தாள். மறுபடி வேலை கிடைத்திருந்த சின்னதுரை ஷிப்டை விட்டுவிட்டுக் கூட வந்திருந்தான். அவளைப் பார்த்துத் தைரியம் வந்தோ என்னவோ, காலனியிலிருந்து இன்னும் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். அந்த வருடத்தில் அத்தனை பேர் ஒரு புதன்கிழமையில் வந்ததே இல்லை.

"பாத்தீங்களா நர்சம்மா, சொன்னபடி வந்துட்டேன்" என்றாள்.

உருகிப்போயிருந்த ஒரு குப்பியை எடுத்து ஆட்டினேன். பால்போல வெள்ளையாகத்தான் இருந்தது. மேசையில் வைத்துவிட்டுக் குழந்தையை எடை போட்டேன். நன்றாகத்தான் வளர்ந்திருந்தாள், என் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தாள். திரும்பிப் பார்த்தால் குப்பிக்குள் மேலே தண்ணீர் தெளிந்து நின்றது, அடியில் திப்பி திப்பியாக வண்டல். ஊசியைக் கையில் எடுத்தேன். மலர்கொடி குழந்தையின் தொடையிலிருந்து துணியை விலக்கி, அசையாமல் இருக்க இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடித்த அந்தப் பிடியைப் பார்த்ததும் எனக்குக் கை ஓடவில்லை.

"இன்னிக்கு முத்தடுப்பு ஊசி இல்ல மலரு" என்றேன்.

"என்னா?"

சொன்னேன். மெதுவாகச் சொன்னால் பாதியில் நின்றுவிடுவேன் என்று தெரியும், அதனால் மூச்சு விடாமல் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். ஸ்டெபிலைசர் எரிந்தது, மருந்தை என் வீட்டுக்கு எடுத்துப் போனது, என் வீட்டுக்காரர் தெரியாமல் ஃப்ரீசரில் வைத்தது, எல்லாம். ராயப்பன் பெயரை மட்டும் எடுக்கவில்லை. குப்பியைக் கையில் கொடுத்தேன். பாருங்கள், கெட்டுப்போன மருந்து இப்படித்தான் அடியில் உட்காரும், நல்ல மருந்தை ஆட்டி வைத்தால் இவ்வளவு சீக்கிரம் பிரியாது என்றேன். கையிலிருந்து கைக்கு அது போனது.

"உங்க வூட்ல ஐஸ் போட்டுக் குடிக்கிறதுக்கா எங்க புள்ளைங்க மருந்து?" என்று அமிர்தம் என்கிற பெண் ஆரம்பித்தாள். "பர்மனென்ட் வூடு, கரண்ட் போவாத வூடு, நல்லாத்தான் காப்பாத்துனீங்க." ஒருத்தி சிரித்தாள். ஒருத்தி, கூலியை விட்டுவிட்டு வந்தேனே என்று மண்ணை வாரித் தூற்றாத குறை. எல்லாவற்றையும் நின்று கேட்டுக்கொண்டேன். போலியோ சொட்டு மட்டும் விட்டு அனுப்பினேன்.

மலர்கொடி திட்டவில்லை. குப்பி அவள் கைக்கு வந்தபோது இரண்டு தரம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். மேசையில் வைத்தாள். குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். சின்னதுரைதான் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பின்னாலேயே போனான். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை டாக்டர் வந்தார், விளக்கம் கேட்டு மெமோ வந்தது, புது மருந்தும் வந்தது. எத்தனையோ மாதமாகக் கேட்டு வராத ரப்பரும், கூடவே புது ஸ்டெபிலைசரும் ஒரே நாளில் வந்து இறங்கின. ராயப்பன் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். வீட்டில் என் வீட்டுக்காரர் ஃப்ரீசர் பக்கமே போகவில்லை. மிளகாய்த்தூள்கூட அலமாரிக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, "நான் வந்து அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்றேனே" என்றார். வேண்டாம் என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் பின்னால் ஏறிக்கொண்டார்.

மலர்கொடி வீடு பூட்டியிருந்தது. அவள் புதன்கிழமை சாயங்காலமே குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் அந்தப் பூட்டின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார்.

அடுத்த புதன்கிழமை மேசையைப் போட்டு உட்கார்ந்தேன். யாரும் வரவில்லை. வெகுநேரம் கழித்து அமிர்தமும் இன்னும் மூன்று பேரும் வந்தார்கள், அதுவும் நான் விடிகாலையில் வீட்டுக்கே போய் மன்றாடியதற்காக. இவ்வளவுதான், எல்லாம் முடிந்தது, ஆறு மாதமாகத் தேய்த்த செருப்புக்கு இதுதான் பலன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சொன்னது தப்போ என்றுகூடத் தோன்றியது. வாயை மூடிக்கொண்டு போட்டு அனுப்பியிருந்தால் இன்றைக்குத் தாழ்வாரம் நிறைந்திருக்கும்.

அப்போது பின்பக்க வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு மலர்கொடி வந்தாள். தனியாக வந்தாள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவளைப் போல முகமெல்லாம் வேர்வை. குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

"வர மாட்டேன்னு நெனச்சேன்" என்றேன்.

"நானும் அப்டித்தான் நெனச்சிகினு இருந்தேன்." பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். "ஒண்ணு கேக்கறேன் நர்சம்மா. அன்னிக்கி நீங்க கம்முனு குத்தி அனுப்பியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது."

"யாருக்குன்னா தெரிஞ்சிருக்குமா?"

"இல்ல."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "அந்த ஆஸ்பத்திரில எம்புள்ள மூக்குல பஞ்சிய வுட்டு எடுத்துகினு போனாங்களே, என்னா வந்துச்சுன்னு கேட்டுக் கேட்டு எனக்கு வாயே வலிச்சிப்போச்சு. ஒருத்தரும் சொல்லல. நீங்க நான் கேக்காமலே சொன்னீங்க. உங்க வூட்டுக்காரரு பண்ணதயும் சேத்து சொன்னீங்க. ஊர்ல போய் படுத்தா அதே ஞாபகமாவே இருந்துச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மாஸ்க் போட்டிருந்தது நல்லதாகப் போயிற்று. அவசரமாகக் குப்பியை எடுத்து ஊசியைப் பிரித்தேன்.

அவள் குழந்தையின் காலைக் கையால் மூடிக்கொண்டாள். "இருங்க. மொதல்ல ஆட்டிக் காட்டுங்க."

ஆட்டினேன். மேசையில் வைத்தேன். அவள் பெஞ்சில் முன்னால் சாய்ந்து, கன்னத்தில் கை வைத்து, குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். நல்ல மருந்து என்று எனக்குத் தெரியும், புதுப் பெட்டியிலிருந்து நானே எடுத்தது. இருந்தாலும் நானும் அடியில் வண்டல் தேடினேன். வெள்ளை அப்படியே நின்றது.

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம் பாக்கலாம்."

பார்த்தோம். குழந்தை விழித்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தது. கடைசியில் மலர்கொடி கையை எடுத்துவிட்டுத் தொடையை இறுக்கிப் பிடித்தாள். "ம். குத்துங்க."

குழந்தை வீறிட்டது. "ராத்திரி காய்ச்சல் அடிக்கலாம்" என்று சொல்லிக் காய்ச்சல் மருந்தைக் கொடுத்தேன். "ஊசிக்கு வர்ற காய்ச்சல்தான். எங்கயும் ஓடாத. எனக்கு போன் பண்ணு. எந்நேரமா இருந்தாலும் நானே வர்றேன்."

"வர்ற வழியில உங்க வூட்டுக்காரர எதையும் தொட வேணாம்னு சொல்லிட்டு வாங்க" என்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் வாயில் கட்டியிருந்த கைக்குட்டையை அவிழ்த்துக் குழந்தையின் கண்ணைத் துடைத்தாள்.

அடுத்தது அமிர்தம். பையனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான் ஊசியை எடுத்ததும், "எனக்கும் ஆட்டிக் காட்டுங்க" என்றாள்.

"இப்பத்தானே அமிர்தம் எல்லாரும் பாத்தீங்க? அதே குப்பிதான்."

"அது அவ புள்ளைக்கி. இது எம்புள்ளைக்கி."

கால் வலித்தது, தொண்டை வலித்தது, காலையில் சாப்பிட்டது எப்போதோ கரைந்துவிட்டது. குப்பியை மறுபடி ஆட்டி மேசையில் வைத்தேன். பின்னால் நின்றவர்களும் குனிந்து பார்த்தார்கள். அன்றிலிருந்து எங்கள் நிலையத்தில் புதன்கிழமை ஊசி முடிவதற்குள் என் மத்தியானச் சாப்பாடு ஆறிப்போய்விடுகிறது.